டர்பனிலிருந்து ஒரு நீலப் பெட்டி

அத்தியாயம் 17

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, சிவபாண்டியின் உடம்பில் புது ரத்தம் ஊற ஓர் இடம்கூட மிச்சமில்லை.

ஆறு நாள் மருந்து அதைச் செய்திருந்தது. எலும்புகளுக்குள் இருந்த மஜ்ஜையை, நல்லது கெட்டது பார்க்காமல், பாத்திரம் கழுவுவதுபோலக் கழுவி எடுத்துவிட்டார்கள். இனித் திரும்பிப் போக வழி கிடையாது. வேறு ஒருவருடைய உயிரணுக்கள் வந்து அந்த இடத்தில் குடியேறினால்தான் அவன் பிழைப்பான்.

வண்டியூருக்கு அப்பால், ரிங் ரோட்டு மருத்துவமனையின் மூன்றாவது மாடி. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் முத்துச்செல்வி. உள்ளே நோயாளியோடு ஒருவர்தான் இருக்கலாம். அது அவன் மனைவி முத்துமீனா. மற்றவர்கள் பேச, கண்ணாடியின் இரு பக்கமும் ஒரு போன் மாட்டியிருந்தது.

"என்னக்கா, வண்டி கிளம்பிருச்சா?"

"கிளம்பிருச்சுடா. மத்தியானம் ரெண்டு மணிக்கெல்லாம் வந்துரும்."

"சீக்கிரம் வரச் சொல்லு. பழைய இன்ஜினை இறக்கியாச்சு. புதுசு வரலேன்னா பாடிய எடைக்குத்தான் போடணும்."

முத்துமீனா போனைப் பிடுங்கினாள். "மதினி, அம்புட்டு மருந்து ஏத்துனாகளே, இந்த வாயை மட்டும் ஒண்ணும் செய்யலை பாத்தீகளா?"

முத்துச்செல்வி சிரித்தாள். சிரித்தபடியே அவனுடைய முடியில்லாத தலையைப் பார்த்தாள். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, இவளுக்குப் பதின்மூன்று. அந்தத் தலைக்கு எத்தனை வருஷம் எண்ணெய் வைத்திருப்பாள்! இப்போது தொடக்கூட முடியாது.

தை மாதம் வந்த காய்ச்சல், திருநகரில் இருந்த அவனுடைய மெக்கானிக் பட்டறையைப் பூட்ட வைத்தது. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். உறவில் ஒருவருடைய மஜ்ஜை பொருந்த வேண்டும் என்றார்கள். செக்கானூரணிக்கு மேற்கே இருக்கும் அவர்கள் ஊரிலிருந்து இரண்டு வேன் நிறைய சனம் வந்து இறங்கியது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று முப்பத்தாறு பேர் வரிசையில் நின்று வாயைத் திறந்து, கன்னத்து உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தார்கள். ஊரே ஒன்றுக்குள் ஒன்று. ஒருவருக்காவது பொருந்தாமலா போய்விடும்?

ஒருவருக்கும் பொருந்தவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த முத்துச்செல்விக்கும் பொருந்தவில்லை. அந்தக் காகிதத்தை அவள் இன்னும் கைப்பையில் வைத்திருக்கிறாள். தூக்கிப் போட மனம் வரவில்லை. தன்னிடமிருந்து கேட்கப்பட்ட ஒரே பொருளைத் தன்னால் கொடுக்க முடியவில்லை என்பதற்கு அது சாட்சி.

பிறகுதான், உலகம் முழுவதும் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பட்டியலில் ஒரு பெண் அகப்பட்டாள். வயது முப்பத்தொன்று. அதற்கு மேல் எதுவும் சொல்ல விதிமுறை இடம் கொடுக்காது. இரண்டு வருஷம் போய், இரு தரப்பும் சம்மதித்தால்தான் பேர், ஊர்.

பத்தேகாலுக்கு, சிகிச்சை ஒருங்கிணைப்பாளர் தமிழ்வாணி நடைபாதையில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். எப்போதும் நிதானமான பெண். இன்று காதில் ஒரு போன், கையில் இன்னொன்று.

"மேடம், ஒரு சின்ன சிக்கல். டர்பன் ஃபிளைட் ரெண்டரை மணி நேரம் லேட். பெட்டியைக் கொண்டு வர்றவரு துபாய்ல மதுரை ஃபிளைட்டை விட்டுட்டாரு."

சொன்ன பிறகுதான் தமிழ்வாணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"டர்பனா?" என்றாள் முத்துச்செல்வி.

"நான் சொல்லியிருக்கக் கூடாது. தயவுசெஞ்சு மறந்துருங்க."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"கொழும்பு வழியா டிக்கெட் மாத்தியாச்சு. துபாய்ல இருந்து கொழும்பு நாலரை மணி நேரம். அங்க இறங்கி மதுரை ஃபிளைட்டைப் பிடிக்க ஒரு மணி பத்து நிமிஷம் இருக்கு. பிடிச்சிட்டா சாயங்காலம் ஆறுக்கு இங்க."

"பிடிக்கலேன்னா?"

தமிழ்வாணி சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நாளைக்குச் சாயங்காலம். திங்கக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு எடுத்தது மேடம். நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள ஏத்துறது நல்லது. எழுபத்திரண்டு கடைசி எல்லை. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உள்ள கொஞ்சம் செத்துக்கிட்டே இருக்கும்."

நாளைச் சாயங்காலம் என்றால் எழுபத்திரண்டைத் தாண்டிவிடும். முத்துச்செல்விக்கு விரல் விடாமலே கணக்கு வந்தது.

அவள் திருமங்கலம் தாலுகாவில் நில அளவர். பதினைந்து வருஷமாகச் சங்கிலியைப் பிடித்து நிலத்தை அளந்தவள். இப்போது கருவிகள் வந்துவிட்டாலும், எந்தத் தூரத்தையும் மனதுக்குள் இருபது மீட்டர்ச் சங்கிலியாக வெட்டிப் பார்ப்பது அவளை விட்டுப் போகவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து போனில் தேடினாள். டர்பனிலிருந்து துபாய், ஆறாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். துபாயிலிருந்து கொழும்பு, மூவாயிரத்து முந்நூறு. கொழும்பிலிருந்து மதுரை, முந்நூற்றைம்பது. கூட்டினால் பத்தாயிரத்து இருநூற்றைம்பது. ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு சங்கிலி.

வேலைக்குக் கொண்டுபோகும் குறிப்பேட்டை எடுத்தாள். இவ்வளவு சுற்றாமல் நேராக வந்தால் எவ்வளவு? இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதி, பயிற்சிக் காலத்தில் படித்த சூத்திரத்தைப் போட்டாள். விடையைப் பார்த்து ஒரு முறை நம்பாமல், மறுபடி போட்டாள்.

அறுபது டிகிரி. அநேகமாகப் பிசகே இல்லாமல் அறுபது.

பூமியின் சுற்றளவில் ஆறில் ஒரு பங்கு. பென்சிலால் ஒரு வட்டம் வரைந்தாள். விளிம்பில் இரண்டு புள்ளி. நடுவில், பூமியின் மையத்தில் ஒரு புள்ளி. மூன்றையும் கோட்டால் சேர்த்தபோது ஒரு முக்கோணம் எழுந்து நின்றது. மூன்று பக்கமும் சமம்.

யாரோ ஒருத்தி அங்கே. தம்பி இங்கே. பூமியைத் துளைத்துப் பார்த்தால், அந்தப் பெண்ணுக்கும் இவனுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அவ்வளவேதான் இருவர் காலடியிலிருந்தும் பூமியின் நடுவுக்கு.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இதில் ஒரு பொருளும் இல்லை என்று தெரியும். நிலத்துக்கு அர்த்தம் கிடையாது, அளவுதான் உண்டு என்று பயிற்சிக்கு வருபவர்களிடம் அவளே சொல்வாள். ஆனாலும் அந்தப் பென்சில் கோடுகளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மனசு நிறைந்து வழிந்தது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்.

அப்பாவுக்குப் போன் போட்டாள். அதுதான் அவள் செய்த பிசகு.

"டர்பனா?" என்றார் மலைச்சாமி, திருநகர் வீட்டிலிருந்து. "அது தென்னாப்பிரிக்காவுலல்ல இருக்கு?"

"ஆமாப்பா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க பாட்டனோட அக்கா கப்பலேறிப் போனது அங்கிட்டுத்தானத்தா. கரும்புக் காட்டு வேலைக்கு. போனவ போனவதான்."

"அப்பா, அந்த ஊருல லட்சக்கணக்குல நம்ம நாட்டு ஆளுக இருக்காங்க. இது யாருன்னே தெரியாது."

"நான் என்ன சொன்னேன்? சும்மா நெனச்சேன்."

அவர் சும்மா நினைக்கிற ஆள் இல்லை என்பது அவளுக்கு அப்போது நினைவு வரவில்லை.

பிற்பகல் முழுவதும் போனில் ஒரு மஞ்சள் விமானம் ஊர்ந்தது. அரபிக் கடலின் நீலத்தில், விரல்நகம் அளவு. அவள் கண்ணுக்கு அது நகர்வதே தெரியவில்லை. மணிக்கு எண்ணூற்று எழுபது கிலோமீட்டர் என்று கீழே எழுதியிருந்தது. ஒரு சங்கிலியை நீட்டிப் பிடித்து, முளை அடித்து, எழுந்து நிற்க அவளுக்கு இரண்டு நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் அது இங்கிருந்து கிளம்பினால் திருமங்கலத்தையும் தாண்டிப் பறந்துவிடும்.

"மதினி, இப்ப எங்கிட்டு இருக்கு?" என்று கால்மணிக்கு ஒரு முறை கேட்டாள் முத்துமீனா.

"கடல் மேல."

"இன்னுமா கடலு? எம்புட்டுக் கடலுதான் வச்சிருக்கான் கடவுளு!"

சிவபாண்டிக்கு மூன்று மணிக்குக் காய்ச்சல் ஏறியது. பேச்சு நின்றது. இந்த நாளில் அவளை மிகவும் பயமுறுத்தியது அந்த மௌனம்தான்.

மூன்றே முக்காலுக்கு விமானம் கொழும்பில் இறங்கியது. பெட்டியை எக்ஸ்ரே கருவிக்குள் அனுப்பக் கூடாது, திறந்தும் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு விமான நிலையத்திலும் கடிதம் காட்டி, அதிகாரிகளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. நான்கரை ஆயிற்று. நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்தது. நாலே முக்கால். ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது தமிழ்வாணியின் போனில் ஒரு செய்தி வந்தது.

"ஏறிட்டாரு!" என்றாள். பிறகு அவளே அழுதாள்.

முத்துச்செல்வி அழவில்லை. கண்ணாடியில் தட்டி, கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். சிவபாண்டி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அடுத்த போன் வந்தது விமான நிலையத்திலிருந்து. கேட்டுக்கொண்டே வந்த தமிழ்வாணியின் முகம் மாறியது.

"மேடம், உங்க சொந்தக்காரங்க யாராச்சும் ஏர்போர்ட்டுக்கு வர்றதா சொன்னாங்களா?"

"இல்லையே."

"மாலை, ஆரத்தித் தட்டோட நாப்பது அம்பது பேர் வாசல்ல நிக்கிறாங்களாம். 'எங்க வீட்டுப் பொண்ணு ஆப்பிரிக்காவுல இருந்து வருது'ன்னு சொல்றாங்களாம். பெட்டியோட வர்றவரு வெளிநாட்டுக்காரரு. பயந்துருவாரு. யாராவது மேல விழுந்து பெட்டி கைதவறுச்சுன்னா…"

முத்துச்செல்வி ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனை வண்டியில் இருபத்தைந்து நிமிஷம். வருகை வாசலுக்கு வெளியே, அவள் பயந்தபடியே, இரண்டு வேன். ஊர்ப் பெரியவர் நல்லகாமன் தோளில் ரோஜா மாலை. பெண்கள் கையில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தட்டு. காவலர் ஒருவர் கும்பிடாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி, சலவைச் சட்டையில், மகளைப் பார்க்காத மாதிரி மலைச்சாமி.

"மாமா, இது என்ன கூத்து?"

"என்னத்தா இப்படிக் கேக்குற?" என்றார் நல்லகாமன். "உசுரு குடுக்க வார புள்ளய மாலை போடாம விட்டா, ஊருல நாளைக்கு என்ன பேசுவான்?"

"அந்தப் பொண்ணு வரலை மாமா. அது குடுத்தது மட்டுந்தான் வருது. ஒரு பெட்டிக்குள்ள. கொண்டாரது வேற ஆளு."

நல்லகாமன் மாலையைப் பார்த்தார்.

"அப்ப இதை யாருக்குப் போட?"

"யாருக்கும் போட வேணாம்."

"உங்கப்பன்தான் சொன்னான், கப்பல்ல போன வகையறா திரும்பி வருதுன்னு."

"நான் அப்படிச் சொல்லல," என்றார் மலைச்சாமி. "வந்தாலும் வந்துருக்கலாம்னேன்."

கோபம் தொண்டைவரை வந்தது. ஆனால் அப்பாவின் கையில் இருந்ததைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது. மடிப்புக் கலையாத ஒரு புதுச் சேலை. யாரென்றே தெரியாத ஒருத்திக்கு, என்ன நிறம் பிடிக்கும் என்றுகூடத் தெரியாமல், கடையில் நின்று யோசித்து எடுத்திருக்கிறார். இவர்களை எப்படித் திட்டுவது? பிப்ரவரியில் வாயைத் திறந்து நின்றார்களே, அதே முகங்கள். தங்களால் கொடுக்க முடியாததைக் கொடுத்தவளைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அவளுடைய கைப்பைக்குள் இருந்த காகிதம்போல இவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது.

விமானம் இறங்கும் இரைச்சல் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க," என்றாள். வயல்வெளியில் நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் கேட்கும் குரல் அது. "இந்த வாசல்ல இருந்து அந்த வண்டி வரைக்கும் ரெண்டு வரிசை. நடுவுல ஆறடி வழி. ஆண்டிச்சாமி சித்தப்பா, நீங்க அந்தத் தூணுகிட்ட. மாமா, நீங்க இந்தப் பக்கம் மொத ஆளு. அளந்து நட்ட கல்லு மாதிரி நிக்கணும். நகரக் கூடாது, பேசக் கூடாது, தொடக் கூடாது."

"கல்லு கும்பிடலாமாக்கா?" என்று வேன் ஓட்டி வந்த இம்மானுவேல் கேட்டான்.

"கும்பிட்டுக்க. வாயை மட்டும் தொறக்காத."

கதவு திறந்தது. அறுபது வயதிருக்கும், ஒல்லியான ஒரு வெள்ளைக்காரர். கசங்கிய சட்டை. மூன்று நாள் தாடி. நீல நிறப் பெட்டியின் வாரைத் தோளில் குறுக்காக மாட்டி, பெட்டியை வயிற்றோடு அணைத்திருந்தார். குழந்தையைத் தூக்கி வருகிறவர் நடக்கிற நடை. கூட்டத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"பொம்பளைன்னுல்ல சொன்னாக…" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். பக்கத்திலிருந்தவர் இடித்தார்.

முத்துச்செல்வி நடுவில் நின்று, கையை நீட்டி வழி காட்டினாள். அவர் தயங்கி ஓர் அடி வைத்தார். அப்போதுதான் அது நடந்தது. யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. நல்லகாமன் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். அடுத்தவர் கழற்றினார். அதற்கடுத்தவர். வரிசை நெடுக ரப்பர் உரசும் சத்தம் மட்டும். சாயங்கால வெயில் ஏறிய தார்த் தரையில் ஐம்பது பேர் வெறுங்காலோடு, கூப்பிய கையோடு நிற்க, நடுவே அந்தப் பெட்டி போனது.

இந்தச் சனம் சத்தமில்லாமல் நின்று அவள் பார்த்ததே இல்லை. அந்த வெள்ளைக்காரர் பெட்டியை இன்னும் இறுக அணைத்துக்கொண்டார். கடைசியில் நின்ற மலைச்சாமி, பெட்டி தன்னைத் தாண்டும்போது, தொடக் கூடாது என்று சொன்னதை மதித்து, சேலையோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆறே முக்காலுக்குப் பெட்டி ஆய்வகத்துக்குள் போனது. உள்ளே எத்தனை பங்கு உயிரோடு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்பது நிமிஷம். முத்துச்செல்வி நாற்காலியில் உட்காரவில்லை.

தமிழ்வாணி ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தாள். "எண்பத்தொரு சதவீதம்."

"அது போதுமா?"

"தாராளமா!"

ஏழரைக்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெட்டிக்குள் வந்த பை தொங்கியது. அவ்வளவு சிறியதாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. ஒரு டம்ளர் அளவு. கலங்கிய செம்மண் நீரின் நிறம். ஒரு குழாய் அதிலிருந்து இறங்கி, தம்பியின் கழுத்தோரம் நுழைந்தது. பத்தாயிரத்து இருநூற்றைம்பது கிலோமீட்டர் வந்தாயிற்று. மிச்சம் ஒன்றரை மீட்டர்.

"இது நேரா எலும்புக்குள்ள போகாதா?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"ரத்தத்துல விடுவோம். அதுவே எலும்பைத் தேடிப் போயிரும்."

"வழி?"

"அதுக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு முழுசா இன்னும் எங்களுக்குத் தெரியாது," என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு. "குடியேறிச்சான்னு தெரிய மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்கணும்."

முத்துச்செல்வி மறுபடி அந்தக் குழாயைப் பார்த்தாள். எல்லைக்கல் இல்லை, வரைபடம் இல்லை. யாரும் போய்க் காட்டாத ஓர் உடம்புக்குள், பார்த்தே இராத வீட்டைத் தேடி அந்த உயிரணுக்கள் நடந்துகொண்டிருந்தன.

சிவபாண்டிக்கு ஒரு நடுக்கம் வந்து அடங்கியது. முத்துமீனா அவன் காலைத் தன் இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். போனை அவளே அவன் காதில் வைத்தாள்.

"அக்கா… ஸ்டார்ட் ஆகிருச்சா?"

"ஏறிக்கிட்டிருக்குடா."

அப்போது தமிழ்வாணி அவள் கையில் ஓர் உறையைத் தந்தாள். "பெட்டியோட வந்தது. பேர் போடாத கார்டு அனுப்ப அனுமதி உண்டு. ஆள் தெரியிற மாதிரி எழுதியிருந்தா, நாங்க அடிச்சிட்டுத்தான் தரணும். அறைக்குள்ள கொண்டு போகக் கூடாது."

வெள்ளை அட்டை. நீலப் பேனாவில், அழுத்தி எழுதிய ஆங்கிலம். ஒரு முறை வாசித்துவிட்டு, போனில் தமிழில் சொன்னாள்.

"'நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நான் இதுவரைக்கும் விமானத்துல ஏறுனதே இல்லை. உயரம்னா எனக்கு அம்புட்டு பயம். எனக்குப் பதிலா இது பறந்து வருது. வந்து சேந்துருச்சுன்னா நல்லாப் பாத்துக்கங்க.'"

கண்ணாடிக்கு உள்ளே, போனில் தானும் காதை ஒட்டியிருந்த முத்துமீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றான் சிவபாண்டி.

"அப்புறம் ஒரு வரி. கறுப்பு மையில அடிச்சிட்டாங்க."

"லைட்டுல பிடிச்சுப் பாருக்கா."

"தப்புடா. அந்தப் பொண்ணு சம்மதிக்கணும்."

அவன் ஏதோ சொல்ல வந்து, அலுத்துத் தூங்கிப்போனான். சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்தது.

அவள் அட்டையை வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. உறைக்குள் வைப்பதற்காகத் திருப்பினாள். பின்பக்கத்தில் மை இல்லை. ஆனால் எழுதியவள் அவ்வளவு அழுத்தி எழுதியிருந்தாள். அடித்த வரிக்கு நேர் பின்னால், வெள்ளை அட்டையில் சின்னச் சின்ன மேடுகள்.

மழையில் தேய்ந்த எல்லைக்கல்லில், கண்ணுக்குத் தெரியாத அம்புக்குறியை விரலால் தடவிக் கண்டுபிடிக்கிற வேலை அவளுடையது. அவள் யோசிப்பதற்கு முன்பே ஆள்காட்டி விரல் அந்த வரியின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. முதல் எழுத்து விரலுக்கடியில் எழும்பியது.

விரலை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். விரல் நகர்ந்தது, இரண்டாவது எழுத்துக்கு.